அடைப்பான்

கெளுத்தி முள் குத்திய கையைக் கடல்நீரில் அலசிவிட்டு ரெஜிஸ் மறுபடியும் வலையை இழுத்தான். தூத்துக்குடியில் யாரும் காயத்துக்கோ காய்ச்சலுக்கோ பயப்படுவதில்லை. பிறந்ததும் போடப்படும் ஊசி, உடலின் ஒவ்வொரு செல்லிலும் 'அடைப்பான்' என்ற புரதத்தை ஊறச் செய்துவிடும். கிருமிகள் நஞ்சால் செல்லின் சவ்வைத் துளைத்தால், அடைப்பான் ஓடிவந்து துளைக்குள் உட்கார்ந்துகொள்ளும். கிருமியைக் கொல்லும் மருந்துகளைத் தயாரித்த ஆலைகள் ஒரு தலைமுறைக்கு முன்பே மூடப்பட்டுவிட்டன.

சாயங்காலம் கை வீங்கிக் காய்ச்சலும் கண்டது. அவன் மனைவி ஜெசிந்தா நோய் ஆய்வு நிலையத்தில் செல்களை ஆராய்பவள். காய்ச்சல் கண்டால் அடைப்பானைப் பெருக்கும் கூடுதல் ஊசி போடுவது எல்லா வீட்டிலும் வழக்கம். அவளே போட்டுவிட்டாள்.

விடிவதற்குள் முழங்கை வரை கறுத்துவிட்டது. அவனை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, காயத்திலிருந்து எடுத்த சதைத் துணுக்கோடு நிலையத்துக்கு ஓடினாள். உயிர்நோக்கி என்ற கருவி, உயிருள்ள செல்லுக்குள் நடப்பதை அப்படியே திரையில் காட்டும். புதிய நஞ்சு ஏதாவது இருக்கும் என்று தேடினாள். இந்தக் கிருமியிடம் நஞ்சே இல்லை. சின்னஞ்சிறு புரதம் ஒன்றை மட்டும் அது கசியவிட்டது. அந்தப் புரதம் போய் ஒட்டிக்கொண்டதும் அடைப்பான் தலைகீழாகத் திரும்பியது. மூடியாக இருந்ததே துளையானது. தண்ணீர் உள்ளே பாய, செல்கள் உப்பி வெடித்தன. அடைப்பான் அதிகம் இருந்த செல்கள்தான் முதலில் வெடித்தன.

ஜெசிந்தா திரையை அணைத்தாள். அவனுக்கு ஊசி போட்ட தன் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கண்டதைச் சொன்னதும் நிலைய இயக்குநர் சண்முகவடிவு கேட்டார்: "அடைப்பான உடம்புலேருந்து எடுத்துற முடியாதா?"

"மரபணுவுலேயே எழுதி வச்சிருக்கோம் மேடம். எடுக்க வழியில்ல."

"பழைய மருந்து?"

"ஆலையைத் திறக்கவே வருஷக்கணக்கா ஆகும். கூடுதல் ஊசியையாவது உடனே நிறுத்தச் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரி முழுக்க இதே காய்ச்சல், ஜெசிந்தா. நிறுத்திட்டு அவங்களுக்கு வேற என்னத்தக் குடுக்கச் சொல்றீங்க?"

ஜெசிந்தா ரெஜிஸிடம் திரும்பிப் போனாள்.

மருத்துவமனையில் ரெஜிஸ் கண் திறந்தான். "இன்னொரு ஊசி போடச் சொல்லு ஜெசி. மொத ஊசி பத்தல போல."

"சொல்லியிருக்கேன். இப்ப வந்துருவாங்க" என்றாள்.

அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் துணியை நனைத்து அவன் உதட்டில் ஒற்றினாள். மறுநாள் அவன் இறந்துபோனான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. சுகாதார நிலையத்தில் கூடுதல் ஊசிக்கான வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நீண்டிருந்தது. வரிசையின் முன்னால் நின்று, "போடாதீங்க! அது உள்ள போகப் போகத்தான் சீக்கிரம் சாவு!" என்று கத்தினாள்.

காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு முதலில் நின்ற பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க ரெஜிஸ் அண்ணன் வீட்டுக்காரிதான? அண்ணனுக்கு நீங்க போடலையா?"

"போட்டேன்."

"ஒங்க வீட்டு ஆளுக்குன்னா போடுவீங்க. எம்புள்ளைக்கு மட்டும் ஆகாதோ?"

"போட்டதாலதான் சீக்கிரம் போயிட்டாரும்மா."

"காய்ச்சல்ல போனாரு. ஊசியிலயா போனாரு? தள்ளுங்கக்கா, புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது."

பின்னாலிருந்தவர்கள் நெருக்கித் தள்ளியதில் ஜெசிந்தா சுவரோரம் ஒதுங்கினாள். செவிலி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்டிப் பஞ்சால் துடைத்தாள்.