அவனுக்கு மட்டும் நன்றி இல்லை

“சார், ஒரு நிமிஷம்... நாலே கேள்வி!”

ஒரு கையில் குடையும் மறு கையில் டேப்லெட்டுமாக, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவனுக்குக் குறுக்கே போய் நின்றாள் அவள். அவன் நின்றான். பஸ் நிற்கவில்லை. சேற்றை வாரி இருவர் மேலும் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

“உங்க கேள்வி பொறந்த நேரம், என் பஸ் போச்சு!”

“கையைக் காட்டியிருந்தா நின்னிருக்கும்.”

“கையைக் காட்ட விட்டீங்களா நீங்க?”

கோபமாகத்தான் சொன்னான். ஆனால் மழைத்துளி தொங்கிய இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... சிரித்துக்கொண்டல்லவா இருந்தன! அவளுக்கு முதல் கேள்வியே மறந்து போயிற்று.

பட்டம் வாங்கிய கையோடு மாநகராட்சியில் ஓராண்டு ஃபெலோஷிப்பில் சேர்ந்திருந்தாள். மக்கள் பணிதான் வாழ்க்கை என்று அப்பாவோடு மல்லுக்கட்டி வந்தவளுக்குக் கிடைத்த வேலை, பஸ் நிறுத்தங்களில் நின்று குறை கேட்பது. அவள் நின்ற மருத்துவமனை நிறுத்தமோ வாசலை விட்டு வெகுதூரம் தள்ளி இருந்தது. ஊன்றுகோலோடு வருகிறவர்கள் சேற்றில் தத்தித் தத்தி நடந்ததைப் பார்த்த அன்றே, நிறுத்தத்தை வாசலுக்குக் கொண்டுவராமல் ஓய்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

பஸ்ஸைத் தவறவிட்டவன் அதே மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மறுநாளும் வந்தான். “கேள்வி மேடம், இன்னைக்கு என்ன பாடம்?” அதற்கு மறுநாளும்... வேண்டுமென்றே பஸ்ஸை விடுகிறான் என்று நிறுத்தத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவளைத் தவிர.

“வாசல்ல நிறுத்தினா நெரிசல்மா,” என்று கையை விரித்தார் போக்குவரத்துப் பொறியாளர். கெஞ்சிக் கூத்தாடி ஒரு மழைநாளில் அவரை அங்கேயே அழைத்து வந்தாள். காலை இழுத்து நடந்த ஒரு அம்மாவைக் கைத்தாங்கலாக வாசல்வரை கூட்டிப்போனவர், தொப்பலாக நனைந்து திரும்பினார். நிறுத்தத்தை மாற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நிறுத்தம் மாறிய முதல் நாள், வாக்கரோடு வந்த பெரியவர் வாசலிலேயே இறங்கியபோது அவளுக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் நின்றவன் சத்தமில்லாமல் கைக்குட்டையை நீட்டினான்.

கொஞ்ச நாளில் வேலை உத்தரவு வந்தது. தொலைதூர மலைப்பகுதியில் சுகாதாரத் திட்ட அலுவலர்... அவள் ஏங்கிக் காத்திருந்த வேலை! ஓடிப்போய் முதலில் அவனிடம்தான் சொன்னாள்.

“வாழ்த்துகள்,” என்றான். வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

‘போகாதீங்கன்னுகூடச் சொல்லலையே... நான் யாரு அவருக்கு?’ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அவன் அழைத்தபோதெல்லாம் போனை எடுக்கவே இல்லை.

விடைபெறும் கூட்டத்தில், முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருக்க, அவளைப் பேச அழைத்தார்கள்.

“மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே தினமும் சாப்பாடு கட்டிக் கொடுத்த எங்கப்பாவுக்கு நன்றி. என்கூட நனைஞ்ச பொறியாளர் சாருக்கு நன்றி. மழையில நின்னு எனக்குப் பதில் சொன்ன ஒவ்வொருத்தருக்கும்... யாருக்காக வேலை பாக்கணும்னு எனக்குக் காட்டினவங்க அவங்கதான்.”

பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். படிக்கட்டில் அவன்!

“எல்லாருக்கும் நன்றி சொன்னீங்க. எனக்கு மட்டும் இல்லையே?”

“உங்களுக்குச் சொன்னா... விடை வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடுமே.”

அவன் முகம் மாறியது. “இருங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நிஜமாவே இருந்துடுவீங்களோன்னு பயம். நீங்க ஆசைப்பட்ட வேலை... அதை நான் கெடுக்கலாமா?”

“அதுக்காக மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா போறது?”

“நின்னிருந்தா அழுதிருப்பேன்.”

அழுகையினூடே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மலையில மட்டும் முட்டிவலி இல்லாமலா இருக்கும்?” என்றான் தயங்கித் தயங்கி. “அங்க இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு மாறுதல் கேட்டிருக்கேன். நீங்க வேண்டாம்னா... வாபஸ் வாங்கிடறேன்.”

“வாங்கிப் பாருங்க, ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்!” படபடத்தவள், தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப நாளாவே.”

“எனக்கும்...” என்றான்.

படம் எடுக்க உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டு, அப்பா உட்கார்ந்திருந்த வரிசையை நோக்கி நடந்தாள்.