துரைக்கு வெளிச்சம் ஆறு மணி நேரம்

கடுகை அந்தப் பல் மருத்துவமனையில் தெரியாதவர்கள் கிடையாது. வயது பத்து. உருவம் எட்டு வயதுக்குத்தான் இருக்கும். வாய் மட்டும் நாற்பது வயதுக்கு! "கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா?" என்று ஒருநாள் டாக்டர் சொல்லிவைக்க, அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்தே போனார்கள்.

அவளுடைய அம்மா அங்கே நர்ஸ். பள்ளிக்கூடம் விட்டதும் கடுகு நேராக அங்கே வந்துவிடுவாள்.

நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு சின்ன மீன்தொட்டி இருந்தது. இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கும். உள்ளே நாலைந்து செடிகள், ஓரம் உடைந்த ஒரு பூந்தொட்டி, ஒரே ஒரு சிவப்பு ஃபைட்டர் மீன். வாலை விரித்துக்கொண்டு அது நடைபோடும் மிடுக்கைப் பார்த்து, 'துரை' என்று பெயர் வைத்தவள் கடுகுதான். அவளுக்குத் துரை என்றால் உயிர்.

அந்தத் துரையைத்தான் நாடு கடத்தப் போகிறார்களாம்!

"சிஸ்டர், நாளைக்கு மீன்கடைக்காரர் வருவார். தொட்டியோட எடுத்துட்டுப் போகட்டும்," என்றார் டாக்டர்.

கடுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் மாமா? துரை என்ன தப்பு பண்ணினான்?"

"தண்ணியைப் பாரும்மா. பச்சைப் பெயிண்ட் மாதிரி இருக்கு. 'இந்தத் தண்ணியிலதான் இடுக்கி எல்லாம் கழுவுவீங்களா'ன்னு நேத்து ஒருத்தர் கேட்டுட்டுப் போறார். என் மானமே போச்சு."

அவர் சொன்னதும் பொய்யில்லை. கண்ணாடியெல்லாம் பாசி. துரையோ பத்து நாளாகப் பூந்தொட்டிக்குள் ஒளிந்துகொண்டு வெளியே தலைகாட்டுவதே இல்லை.

"நானும் என்ன குறை வெச்சேன்?" என்று டாக்டர் அங்கலாய்த்தார். "செடி வாடுதேன்னு அந்தப் பெரிய விளக்கையே மாட்டினேன். காலைல ஒன்பது மணிக்குப் போட்டா ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அணைக்கிறேன்!"

அந்தப் பெரிய விளக்கு வேறு எதுவுமில்லை. பல் பார்க்கும் நாற்காலிக்கு மேலே தொங்கிய பழைய விளக்குதான். நாற்காலிக்குப் புதுசு வாங்கியதும், பழையதைத் தூக்கித் தொட்டிக்கு மேலே மாட்டிவிட்டார். கடைவாய்ப் பல்லின் மூலையைத் துருவிப் பார்ப்பவருக்கு எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் போதாதே!

"சரி, நீ வா. உன் ஆடுற பல்லைப் பார்க்கலாம்," என்றார்.

கடுகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். பளீர் என்று விளக்கு எரிந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"வாயைத் திறன்னு சொன்னா கண்ணை மூடுறியே!"

"கண்ணு கூசுது மாமா. மூடாம என்ன செய்ய..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "மாமா! மீனுக்கு இமை உண்டா?"

"கிடையாது. ஏன்?"

"நான் ரெண்டு நிமிஷம் தாங்கலை. துரை பன்னிரண்டு மணி நேரம் கண்ணை மூட முடியாம இருக்கானே! அதான் பூந்தொட்டிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிறான்!"

டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் கடுகு நாற்காலியை விட்டுக் குதித்து ஓடினாள். கையில் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியோடு டாக்டரும், கையுறையோடு அம்மாவும் பின்னாலேயே போனார்கள்.

கடுகு தொட்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். விளக்குக்கு நேர் கீழே இருந்த இலைகள்மேல் பாசி போர்வையாகப் படர்ந்திருந்தது. பூந்தொட்டியின் நிழலில் ஒரு செடி. அதன் இலைகளோ கழுவிவிட்டதுபோலப் பச்சென்று இருந்தன.

"ரெண்டும் ஒரே செடி, மாமா. நிழல்ல இருக்கிறதுதான் நல்லா இருக்கு. அப்படின்னா இதுக்கு இவ்வளவு வெளிச்சம் வேண்டாம். மிச்ச வெளிச்சத்தை எல்லாம் பாசி தின்னு கொழுக்குது!"

டாக்டர் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அட, ஆமா!"

"ஒரு மாசம் குடுங்க. தண்ணியைத் தெளிய வெச்சுக் காட்டுறேன்."

"ஒரு வாரம்."

"மூணு வாரம்."

"ரெண்டு வாரம். மீன்கடைக்காரரை அப்ப வரச் சொல்றேன். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது."

"சரி!" என்றாள் கடுகு. அவள் நினைத்திருந்ததும் இரண்டு வாரம்தான்.

மறுநாள் அவள் புத்தகப்பையோடு தன் படிப்பு விளக்கையும் கொண்டுவந்தாள். மேசை ஓரத்தில் கவ்விக்கொண்டு, கழுத்தை வளைத்து நிற்கும் சின்ன விளக்கு அது. ஒரு பொத்தானை அழுத்தினால் மஞ்சள் வெளிச்சம், இன்னொன்றை அழுத்தினால் பகல்போல வெள்ளை வெளிச்சம்.

"அப்ப நீ எதுலடி படிப்ப?" என்றார் அம்மா.

"சமையல்கட்டு விளக்குல. நீங்க சமைக்கிறதை மேற்பார்வை பார்த்த மாதிரியும் இருக்கும்."

செடிக்குப் பகல் வெளிச்சம்தானே பழக்கம்? அதனால் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தாள். முதலில் விளக்கைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தாள், துரை அசையவில்லை. கொஞ்சம் உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம். ஒரு முழ உயரம் வந்ததும் பூந்தொட்டியின் விளிம்பில் ஒரு சிவப்பு மூக்கு எட்டிப் பார்த்தது. "இங்கேயே இருக்கட்டும்!" என்று அதே உயரத்தில் நிறுத்திவிட்டாள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கண்ணாடியைத் துடைத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்குத் தண்ணீரை மாற்றினாள். பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா விளக்கைப் போடுவார். மாலை ஆறு மணிக்குக் கடுகு அணைப்பாள்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், தொட்டிக்கு மேலே பெரிய விளக்கு தகதகவென்று எரிகிறது!

"மாமா!"

டாக்டர் திருதிருவென்று விழித்தார். "இல்லம்மா... இருட்டா இருந்த மாதிரி இருந்துச்சு. கை சும்மா இருக்கலை..."

கடுகு அவரோடு சண்டை போடவில்லை. மேசைமேல் இருந்த மருந்துச் சீட்டுக் கட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். முத்து முத்தாக எழுதி, சின்ன விளக்கின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.

நோயாளி: துரை. வயது: தெரியாது. நோய்: வெளிச்சம் ஓவர். மருந்து: சின்ன விளக்கு, தினமும் ஒரு வேளை, பகல் 12 முதல் 6 வரை. பெரிய விளக்கு அறவே கூடாது.

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "என் எழுத்தை விட இது நல்லாப் புரியுது," என்று சொல்லிவிட்டு, ஏணி போட்டு ஏறிப் பெரிய விளக்கைத் தன் கையாலேயே கழற்றினார்.

பதினான்காம் நாள் மாலை. சொன்ன நாள் தவறாமல் மீன்கடைக்காரர் வாளியும் வலையுமாக வந்து நின்றார். கடுகு ஓடிப்போய்த் தொட்டியை ஒட்டி நின்றுகொண்டாள். டாக்டர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

மீன்கடைக்காரர் தொட்டிக்கு முன்னால் குனிந்தார். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. செடிகளில் புதுத் துளிர்கள். நடுவே துரை, வாலை விசிறிபோல விரித்து, யார் வந்தால் எனக்கென்ன என்று வலம் வந்துகொண்டிருந்தான். அழுதுகொண்டே வந்த ஒரு குட்டிப் பையன் அழுகையை மறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதையா எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க? என் கடையிலகூட இப்படி ஒரு தொட்டி இல்லையே டாக்டர்! யாரு பார்த்துக்கிறாங்க?"

"இதோ, எங்க பெரிய டாக்டர்!" என்று டாக்டர் கடுகின் தோளைத் தட்டினார். "துரை எங்கேயும் போகலை. இங்கேயேதான் இருப்பான்."

கடுகுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

மீன்கடைக்காரர் காலி வாளியைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப நான் வந்தது வீண்தானா?"

"வீணா? அதெப்படி?" என்று டாக்டர் அவருடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "சிரிக்கும்போதே பார்த்துட்டேன், கடைவாயில ஒரு ஓட்டை. வாளியை வெச்சுட்டு வாங்க, வாயைத் திறங்க!"