ஏரிக்குள் இறக்கிய குழாய்

போடிமெட்டைத் தாண்டி எஸ்டேட் சாலையில் ஜீப் இறங்கியபோது பனிமூட்டம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. சௌந்தரபாண்டியன் வண்டியை ஊர்ந்தாற்போல ஓட்டினார். பக்கத்தில் ஷீலா. பின்னால் இரும்புக் குழாய்களும் கயிற்றுச் சுருள்களும் அரிசி மூட்டையும் குலுங்கின. கைவிட்டுப்போன ஒரு ஏலக்காய் ஸ்டோரின் முன்னால் வண்டி நின்றது. அங்கே காய் உலர்த்தி வெகுகாலம் ஆகியும் சுவர்களில் வாசனை மிச்சமிருந்தது. கீழே, சரிவு முடிகிற இடத்தில், அந்த ஏரி.

காற்று பலமாக அடித்தும் அதில் அலை இல்லை.

ஷீலா போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த எட்வர்டின் மகள். அப்பா இறந்தபிறகு அம்மா ராஜாத்தி மட்டும் அந்தப் பழைய வீட்டில் இருந்தாள். ஷீலாவுக்குச் சென்னையில் ஆராய்ச்சி வேலை. ஏரியின் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து, ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் இந்த மலையில் மழை எப்படிப் பெய்தது என்று பார்க்க வந்திருந்தாள். சௌந்தரபாண்டியன் தேவாரம் என்கிற ஊரில் போர்வெல் போடுகிறவர். சமையலுக்கு எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து சுருளியம்மாள் வந்தாள். கயிற்றை இழுத்துப்பிடிக்க அதே லயத்து ஆட்கள் இருவர்.

விடிந்ததும் பால் விடாத கட்டஞ்சாயா, சூடாகக் கஞ்சி. பிறகு பரிசலில் ஏரியின் நடுவுக்குப் போவார்கள். பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டிப் பலகை பாவிய மிதவை அங்கே நின்றது. அதன் நடு ஓட்டை வழியாக அகலமான இரும்புக் குழாய் ஒன்று ஏரியின் அடிவரை இறங்கியிருந்தது. குழாயின் வாய் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் துளைக்கம்பியை இறக்கி, சேற்றைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழல்களில் மேலே இழுப்பார்கள். விரல்கள் மரத்துப்போகும். சாயங்காலம் குழல்களைத் துடைத்து, மூடி போட்டு, ஸ்டோரில் அடுக்கிவிட்டு ஆளுக்கொரு மூலையில் சுருண்டுகொள்வார்கள்.

ஒருநாள் காலை மேலே வந்த குழல் சுட்டது.

ஏரித் தண்ணீர் தோலைக் கடிக்கும் குளிர். சேறு மட்டும் காய்ச்சல்காரன் நெற்றியைப்போல இருந்தது. மூடியைத் திறந்தால், வெகுநாள் பூட்டிக்கிடந்த அறையின் வாடை.

மறுநாள் லயத்து ஆட்கள் வேலைக்கு வரவில்லை. குழாய்க்குள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறது என்று சொன்னார்களாம். அடியில் அழுகின தழையிலிருந்து வாயு கிளம்பும், அது குமிழிவிட்டால் பேச்சுபோலத்தான் கேட்கும் என்று ஷீலா விளக்கினாள். சுருளியம்மாள் கஞ்சிப் பானையைக் கழுவப் போனாள். ஷீலாவும் சௌந்தரபாண்டியனும் மட்டுமாக வேலையைத் தொடர்ந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சௌந்தரபாண்டியன் மதியச் சாப்பாட்டுக்குக் கரைக்கு வருவதை நிறுத்தினார். ஷீலா பரிசலில் திரும்பிப் போனால், குழாயின் வாயில் காதை வைத்துக் குனிந்தபடி இருப்பார். கன்னத்தில் துருக்கறை வட்டமாகப் பதிந்திருக்கும். இன்னும் ஆழம் போகலாம் மேடம், இன்னும் போகலாம் என்பார். அவளுக்கும் ஆழம்தான் வேண்டியிருந்தது. அதனால் முதலில் எதையும் கேட்கவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எந்தம்பி பாண்டித்துரை உள்ள இருக்கான்" என்றார்.

தம்பி இந்தப் பக்கம் எஸ்டேட் வேலைக்கென்று பஸ் ஏறியவன். வேலைக்கும் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. பிணமும் கிடைக்கவில்லை. இப்போது அவன் குழாய்க்குள்ளிருந்து, "அண்ணே, இங்க இருக்கேன்" என்று கூப்பிடுகிறானாம்.

அவரை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று ஷீலா நினைத்தாள். ஆனால் வேலை முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

அடுத்த நாள் மதியம் கயிறு நைந்துபோனது. வேறு கயிறு எடுக்க அவர் கரைக்குப் போனார். பரிசல் மறைந்ததும் பனிமூட்டம் வந்து மிதவையை மூடியது. ஏரியும் இல்லை, மலையும் இல்லை. டிரம்களின் அடியில் தண்ணீர் நக்குகிற சத்தம் மட்டும்.

அதுவும் நின்றது.

"ஷீலா."

அவள் அசையவில்லை.

"ஷீலா, சாப்டியாம்மா?"

அம்மா. பேச்சின் முடிவில் வரும் சின்ன இருமல்கூட அப்படியே இருந்தது. யோசிப்பதற்குள் குழாயின் மேல் குனிந்துவிட்டாள்.

"அம்மா?"

உள்ளே ஒரு அமைதி. யாரோ தலையைச் சாய்த்து உற்றுக் கேட்கிற மாதிரி. பிறகு வெகு ஆழத்திலிருந்து பதில் வந்தது.

"அம்மா?"

எதிரொலி அத்தனை தாமதமாக வராது. ஆனால் அது ஷீலாவின் சொந்தக் குரல்.

பரிசல் வந்ததும் இருவரும் கரைக்குப் போனார்கள். ஸ்டோரின் பின்மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தாள். அம்மா எடுத்தாள். கரண்ட் இல்லை, வத்தல் காயவில்லை என்று நல்ல தெம்பாகக் குறைப்பட்டாள். ஷீலா போனை வைத்துவிட்டுச் சௌந்தரபாண்டியனிடம் வந்தாள்.

"அண்ணே, எங்கம்மா போடியில உசிரோட இருக்காங்க. அவங்க குரலும் குழாய்க்குள்ள கேக்குது. அது உங்க தம்பி இல்ல."

அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் எங்க, மேடம்?"

குழாயைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போகலாம் என்றாள்.

இன்னும் ஒரே ஒருதடவை பேசிப் பார்க்கிறேன், பிறகு நீங்கள் சொன்னபடி என்றார். போக வேண்டாமென்று சுருளியம்மாள் கையைப் பிடித்தாள். அவர் மெல்ல விலக்கிக்கொண்டார். ஷீலாவும் கூடப் போனாள். மிதவையில் மண்டியிட்டு, குழாயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"தம்பி, நம்ம ஆத்தா பேரு என்ன?"

குழாய்க்குள்ளிருந்து பதில் வந்தது.

"அண்ணே, இங்க இருக்கேன்."

"ஆத்தா பேரச் சொல்லுய்யா" என்றார். அவர் தொண்டை அடைத்தது.

"ஆத்தா பேரச் சொல்லுய்யா" என்றது குழாய். இப்போது அவர் குரலில். அந்த அடைப்பும் சேர்ந்தே வந்தது.

அவர் எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே, குழாயைத் தூக்கும் சங்கிலியை மாட்டினார். இருவரும் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே இழுத்தார்கள். கடைசித் துண்டு சேற்றை விட்டு வரும்போது, இறுகப் பிடித்திருந்த கை விட்டதைப்போல மிதவை ஒருமுறை குதித்தது. கரைக்கு வந்ததும், ஸ்டோரில் அடுக்கியிருந்த அத்தனை குழல்களையும், அந்தச் சூடு குறையாத குழலையும், ஷீலா திரும்ப ஏரிக்குள்ளேயே கொட்டினாள். வருத்தமாக இல்லை.

சுருளியம்மாளை லயத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாயுமுன் மெட்டைக் கடந்தார்கள். வளைவுகளில் இறங்க இறங்கப் பனி விலகியது. கீழே போடியின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டதும் ஷீலா மூச்சை இழுத்துவிட்டாள்.

சிக்னல் வந்ததும் வீட்டுக்கு அடித்தாள்.

"அம்மா, நான் கீழ வந்துட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருப்பேன்."

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாரு பேசுறது?"

"நான்தாம்மா, ஷீலா."

"வெளாடாதீங்க. எம்மக அப்பவே வந்துட்டா. இந்தா, அடுப்படியில உக்காந்து ஈரத்தலையத் துவட்டிக்கிட்டு இருக்கா."

ஜீப் அடுத்த வளைவில் திரும்பியது.

அம்மாவுக்குப் பின்னாலிருந்து, மிக அருகில், ஷீலாவின் குரல் கேட்டது.

"யாரும்மா போன்ல?"