வெட்டிய வசனம்

ஒத்திகை பத்து மணிக்குத்தான். இசையமைப்பாளர் ஒன்பதே காலுக்கெல்லாம் அந்தப் பழைய அரங்கத்துக்கு வந்துவிட்டார். வீட்டில் இருந்து என்ன செய்வது? உள்ளே மட்கிய திரைச்சீலை வாடை. வெளியே வெயில் கொளுத்தியும் மேடையின் பின்பாதி இருண்டு கிடந்தது.

ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும் நாடகத்தை ஓபராவாக மாற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி இருபது வருஷம் அதில் ராணியாக நடித்தவள். போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. பேசினால் ஒரு நிமிஷம் ஆகும் வசனம், பாடினால் மூன்று நிமிஷம் இழுக்கும். அதனால் பாதி நாடகத்துக்குக் கத்தரி போட்டார். ராணி ராஜாவிடம் விடைபெறும் வசனத்தை வெட்டியது மட்டும் நீளத்துக்காக இல்லை. அதைப் படிக்கவே அவருக்கு நெஞ்சு வலித்தது. வெட்டியவர், அது இருந்த இடத்தை மூட மறந்துவிட்டார். இசைத்தாளில் வெறும் மௌனம் நின்றது.

பாடகி வரத் தாமதமானதால், பியானோக்காரி தனியாக வாசிக்கத் தொடங்கினாள். மௌனம் வந்ததும் கையை எடுத்தாள்.

"சார், யாரோ பேசுறாங்க."

"நம்ம ரெண்டு பேர்தானேம்மா இருக்கோம்."

"அதான் சார் பயமா இருக்கு."

அவருக்கும் கேட்டது.

மேடை இருட்டிலிருந்து, மூச்சு வாங்க வாங்க, அந்த வசனம்.

அவர் மனைவியின் குரல்.

"விடை கொடுங்கள்" என்று முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "விடை கொடுங்கள்."

எதிரில் நிற்பவர் பதிலை மறந்தால் கடைசி வரியை மூன்று முறை சொல்வதும், அப்போதும் வராவிட்டால் முதலிலிருந்து தொடங்குவதும் அவள் குழுவின் வழக்கம். பதில் வராமல் மேடையை விட்டு இறங்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் சொன்னதும் இதே வரிதான். வசனம் பேசுகிற நேரமா இது என்று அதட்டிவிட்டு டாக்டரைத் தேடி ஓடினார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"பதில் சொல்லுங்க சார்," பியானோக்காரி கிசுகிசுத்தாள். "பாவம், நிக்கிறாங்க. 'சென்று வா'ன்னு ராஜா சொல்ற ரெண்டே வார்த்தைதானே."

ரெண்டே வார்த்தை. சொன்னால் போய்விடுவாள். இப்போதுதானே வந்திருக்கிறாள்.

"விடை கொடுங்கள்."

மூன்றாவது முறை. குரலில் அத்தனை அசதி.

வாயைத் திறந்தார். கண்ணீர்தான் வந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

மேடைப் பலகை முனகியது.

வசனம் முதல் வரியிலிருந்து தொடங்கியது, இந்த முறை அவருக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து.