ஏழிலைப்பட்டி அஞ்சு மணி வண்டி

நான் சுரண்டையிலிருந்து ஏழிலைப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆடி மாசச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்து மலை இருந்த இடமே தெரியவில்லை. என் மனைவி பாலம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கருப்பட்டியும் சுக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டு, பிள்ளை பிறந்த செய்தி கேட்கப் போகிறோம் என்ற நினைப்பில், ஓடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடந்து வந்தேன்.

மாமியார் முருகம்மாள் வாசலில் நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. மூட்டையைத் திண்ணையில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே பாலம்மாள் பாயில் கிடந்தாள். இரண்டு நாளாய் வலி. கத்தக்கூடத் தெம்பில்லை. என்னைப் பார்த்தாள், பார்த்தது என்னைத்தான் என்று அவளுக்குத் தெரிந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே வெளியே வந்தாள்.

“பிள்ளை குறுக்க கிடக்கு. இனி என் கையில ஒண்ணும் இல்ல. தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. விடியட்டும்னு இருந்தா ரெண்டு உசிரும் போயிரும்.”

தென்காசி ஒன்பது மைல். நான் வண்டிக்காரனைத் தேடி ஓடினேன். அவன் என்னை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். அரை மணிக்கு முன்னால் நான் நடந்து வந்த இடத்தில் செம்மண் தண்ணீர் மரத்தை உருட்டிக்கொண்டு போயிற்று. மாடு இறங்காது, மனுஷனும் இறங்க முடியாது என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனான்.

அவன் ஏன் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏழிலைப்பட்டிக்கு ஒரு ரயில் இருந்தது. மலையடிவாரத்திலிருந்து தென்காசிக்குப் போகிற சின்னக் கிளை லைன். நாலு பெட்டி, ஒரு இஞ்சின். காலையில் ஒன்று, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒன்று. உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று போன வருஷம் அந்த லைனை மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்க ஒரு காண்டிராக்டர் வந்தான். அவனிடம் மேஸ்திரியாக இருந்தவன் பால்வண்ணநாதன். அது நான்தான்.

அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி மூன்று மாசம்கூட ஆகவில்லை. ஊர்க்காரர்கள் என்னிடம் வந்து கெஞ்சினார்கள். மாப்பிள்ளையே எங்கள் லைனைப் பெயர்க்கலாமா என்று கேட்டார்கள். நான் பெயர்க்காவிட்டால் இன்னொருத்தன் பெயர்ப்பான் என்றேன். ஒன்பது மைல் தண்டவாளத்தையும், மூன்றாம் மைலில் ஆற்றுப்பாலத்து இரும்பையும் நாற்பது நாளில் கழற்றினேன். சீக்கிரம் முடித்ததற்காக எனக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள். அதைப் பெருமையாய்ப் போர்த்திக்கொண்டு திரிந்தேன், மூதேவி.

இப்போது தண்ணீர் ஏறாத வழி அந்த ரயில் மேடு ஒன்றுதான். பாலம் வரை கட்டிலில் தூக்கிப் போவோம், அங்கே கயிறு கட்டியாவது கடத்துவோம் என்று நாலு பேரைச் சேர்த்தேன். அதில் ஒருவர் ஆவுடையப்பன். ஸ்டேஷன் இருந்த காலத்தில் சிக்னல் கைகாட்டியை ஏற்றி இறக்கிய ஆள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு பழைய ஸ்டேஷனுக்கு வந்தோம். கூரை ஓடு பாதி போய்விட்டது. தண்டவாளம் கிடந்த இடத்தில் ஜல்லியும் எருக்கஞ்செடியும்தான் இருந்தன. கைகாட்டி மரம் மட்டும் நின்றது. அது வெறும் மரக்கம்பம், எங்களுக்கு இரும்புதான் வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம்.

மாமியார் கட்டிலை இறக்கச் சொன்னார். இடுப்பிலிருந்து மஞ்சளில் முக்கிய ஒரு துணியை எடுத்து, நேரே போய் அந்தக் கைகாட்டி மரத்தில் கட்டினார்.

எனக்குப் புரியவில்லை. ஆவுடையப்பன்தான் காதோடு சொன்னார். பிள்ளைவலி கண்டு பிரசவமாகாத பெண்ணைக் கொண்டுவந்தால் மரத்தில் மஞ்சள் துணி கட்டுவது அந்த ஊர் வழக்கம். டிரைவர் துணியைப் பார்த்துவிட்டால் நடுவில் எந்த ஊரிலும் நிறுத்தாமல் தென்காசிக்கு விடுவார். கார்டு பெட்டியில் பெண்ணைப் படுக்க வைப்பார்கள். அந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படிப் பிழைத்தவைதானாம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ரயில் இல்லாத இடத்தில் யாருக்குத் துணி காட்டுகிறீர்கள், பெற்ற மகள் சாகக் கிடக்கிறாள், கட்டிலைத் தூக்குங்கள் என்று கத்தினேன்.

மாமியார் திரும்பிப் பார்த்தார். “பேத்தது நீங்க. கட்டுதது நாங்க. சும்மா நில்லுங்க மருமவனே” என்றார்.

கட்டிலை நானே தூக்கப் போனேன். ஆவுடையப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். லைன் போனபிறகு இப்படி எத்தனை பெண்களை இங்கே கொண்டுவந்து, பொழுது சாய்ந்ததும் திரும்பத் தூக்கிப் போனோம் என்று அவர் சொன்னார். தூக்கி வரும்போது முனகினவர்கள் திரும்பும்போது முனகவில்லையாம். அவர் மகள் மூக்கம்மாளும் அப்படித்தான் போனாளாம். இதையெல்லாம் என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல அவர்களுக்கு எப்படி வாய் வரும்?

அஞ்சு மணி இருக்கும், அப்போது ஜல்லி அசைந்தது.

முதலில் ஒரே ஒரு கல். பிறகு என் காலடியில் எல்லாக் கல்லும் அடுப்பில் வைத்த பயறு மாதிரிக் குதித்தன.

சாரல் நின்றது. தவளைச் சத்தமும் நின்றது.

கரிப்புகை நாற்றம் வந்தது. அதோடு சூடான எண்ணெய் வாடை. பதினாலு வருஷம் ரயில்வே வேலை பார்த்தவனுக்கு அந்த வாடை தெரியாமல் போகாது. மேற்கே, மலைப்பக்கம், மூட்டத்துக்குள் சிவப்பாய் ஒரு வெளிச்சம் புறப்பட்டது.

ஏழிலைப்பட்டிதான் கடைசி ஸ்டேஷன். அதற்கு மேற்கே என்றைக்கும் லைன் கிடையாது.

வண்டி அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.

இஞ்சினை நான் சரியாய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். சக்கரம் உருண்டதைப் பார்த்தேன். கீழே இரும்பு இல்லை. ஜல்லிக்கு நாலு விரல் உயரத்தில் வெறும் காற்றின்மேல் உருண்டது. கார்டு பெட்டி எங்களுக்கு நேராய் வந்து நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

இருட்டிலிருந்து கைகள் நீண்டன.

எல்லாம் பெண்களின் கைகள். முழங்கை வரை வளைகாப்பு வளையல். தண்ணீரில் ஊறின மாதிரி வெளுத்த விரல்கள். மாமியார் பயப்படவே இல்லை. கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக் கொடுத்தார். அந்தக் கைகள் பாலம்மாளை வாங்கிக்கொண்டன. எவ்வளவு பதனமாய் வாங்கின என்றால், இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

“அது எங்க மூக்கம்மா கை” என்று ஆவுடையப்பன் முணுமுணுத்தார். “சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும். அவதான்.”

நான் ஏறியிருக்க வேண்டும். கட்டின புருஷன் ஏறாமல் வேறு யார் ஏறுவது? கால் எழும்பவில்லை. பயந்துவிட்டேன். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

வண்டி நகர்ந்தது. அது நகர்ந்த பிறகுதான் என் கால் எனக்குத் திரும்ப வந்தது. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே மேட்டில் ஓடினேன். மூன்று மைல். விழுந்து எழுந்து முழங்கால் கிழிந்து பாலத்துக்குப் போனேன். பாலம் எங்கே இருக்கிறது? இரண்டு கல்தூணும் நடுவில் ஆறும்தான். அந்த வெற்று இடத்தில் வண்டி கடக்கிற சத்தம் கேட்டது. பாலத்து இரும்பின்மேல் வண்டி போனால் எழும்புகிற அதே தடதடப்பு. அந்த இரும்பின் ஆணி ஒவ்வொன்றையும் கழற்றினவன் நான். சத்தம் அக்கரைக்குப் போய்த் தேய்ந்து அடங்கியது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் பெண்டாட்டியை ஆறு கொண்டுபோய்விட்டது, கண்ணில் கண்டதெல்லாம் என் புத்திக் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

விடிந்து தண்ணீர் வடிந்ததும் நீந்திக் கரையேறி, மேலகரம் வழியாகத் தென்காசிக்கு ஓடினேன். பிணத்தைத் தேடித்தான் போனேன்.

ஆஸ்பத்திரியில் ஜெபமலர் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். பெயரைச் சொன்னதும் சிரித்தாள். ஆண் பிள்ளை, தாயும் சேயும் சுகம் என்றாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். ஐந்தரை மணிக்கு வராந்தாப் பெஞ்சில் படுத்திருந்தாளாம். கூட யாரும் இல்லையாம். அந்த மழையிலும் சேலை நனையவே இல்லை, கரித்தூள்தான் அப்பியிருந்தது என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டாள்.

பாலம்மாள் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நான் அவள் காலைத் தொட்டேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“பெட்டி நிறைய இருந்தாளுவ. எல்லாரும் வயித்தோட இருந்தாளுவ. எனக்கு இடம் விட்டு எந்திரிச்சு நின்னாளுவ. ஒருத்தி வழி முழுக்க என் இடுப்பைத் தேச்சுக்கிட்டே வந்தா.”

“ஏதாவது சொன்னாங்களா?”

“லைனை யாரு பேத்ததுன்னு கேட்டாளுவ.”

நான் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தேன்.

“வலி பொறுக்க முடியல. எங்க வீட்டுக்காரருன்னு சொல்லிட்டேன்.” அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. “பேத்தவரே போட்டுத் தரட்டும்னாளுவ. அதுவரைக்கும் பிள்ளைய அப்பப்ப நாங்க வச்சுக்கிடுதோம்னாளுவ.”

அன்று சாயங்காலம் அஞ்சு மணி. பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான். வாய் நின்றது. உடம்பு சில்லிட்டது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன், மூச்சு இல்லை. ஜெபமலர் ஓடி வருவதற்குள், நான் நூறு எண்ணுவதற்குள், வீறிட்டு அழுதான். மறுநாளும் அதே நேரம். அன்று இருநூறு எண்ணினேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்.

ஊருக்கு வந்ததும் நேரே அந்த மஞ்சள் துணியை அவிழ்க்கத்தான் போனேன். ஊர்ப் பெண்கள் கைகாட்டி மரத்தைச் சுற்றி நின்றார்கள். நடுவில் என் மாமியார். நான் காலில் விழுந்தேன். பிள்ளை செத்துச் செத்துப் பிழைக்கிறான், உங்கள் பேரன் அல்லவா என்று கேட்டேன்.

“இன்னும் நாலு பேரு மாசமா இருக்காளுவ” என்றார் அவர். “பிள்ளை திரும்ப வந்துருதுல்லா? துணி கிடந்தாத்தான் வண்டி வரும். அங்கனயே கிடக்கட்டும்.”

அதனால் நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். காண்டிராக்டரிடம் பார்த்த வேலையை விட்டாயிற்று. பனங்கட்டையை அறுத்து, தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற சிலிப்பர் கட்டைக்குப் பதிலாய் மேட்டில் வரிசையாய்ப் போடுகிறேன். ஆவுடையப்பன் ஜல்லி அள்ளிக் கொடுக்கிறார். கட்டை போட்டுவிடலாம், தண்டவாளத்துக்கு எங்கே போவேன்? அது உருகிக் கடல் தாண்டிக் குண்டாய்ப் போய்விட்டது. யாரிடம் போய்க் கேட்பேன்? ஊரில் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். இன்னும் அரை மைல்கூட முடியவில்லை. ஒவ்வொரு நாளும் பிள்ளை திரும்பி வருவதற்கு முந்தின நாளைவிட அதிக நேரம் ஆகிறது.

நேற்று ஒரு மணி நேரம் ஆயிற்று. பாலம்மாள் அந்தச் சின்ன உடம்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் தாழ்போட்டு, அதில் சாய்ந்து நின்றேன். யாரும் உள்ளே வரவில்லை. ஆறு மணிக்கு அவன் முனகினான். கண்ணைத் திறந்தான். குளிப்பாட்டித் துடைத்த பிள்ளை மாதிரி மேலெல்லாம் ஈரமாய் இருந்தது.

அவன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் வைக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். இஞ்சின் கரி, இன்னும் சூடு ஆறவில்லை.