கணவாய் வராத குளிர்காலம்

"ஒப்பந்தத்தைக் காணோம், மா ஐயா. நேத்துதான் கையெழுத்தாச்சு."

நாம்கூங் ஹேரின் உட்காரக்கூட இல்லை. பூசானில் இரண்டே பேர் நடத்தும் ஆலோசனை நிறுவனம் அவருடையது. ஒருவரையொருவர் நம்பாத நாடுகளின் விஞ்ஞானிகளை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் தொழில். கொரியா, ஜப்பான், ரஷ்யா மூன்றும் கடல் வெப்பநிலைப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று இரண்டு ஆண்டுகள் அலைந்திருந்தார். அந்தக் கடலுக்கு ஆளுக்கொரு பெயர் என்பதால், தாளில் 'இந்தக் கடல்' என்று எழுதவே பதினொரு மாதம் பிடித்தது.

மா தேசிக் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கடலோரக் காவல்படையில் விசாரணை அதிகாரியாக இருந்து, ஓய்வுக்குப் பின் இந்த உல்லுங் தீவிலேயே தங்கிவிட்டவர்.

"புயல்ல கப்பல் மூணு நாளா ஓடல. எடுத்தவரும் இங்கதான், தாளும் இங்கதான்."

"அதையேதான் அண்ணே நானும் சொன்னேன்!" என்றார் கூடவே வந்திருந்த விடுதிக்காரி தல்ரே. "கிளம்புங்க. அறையில இருக்கிற காலடித் தடத்த யாரும் மிதிக்காம பூட்டி வச்சிருக்கேன்."

விடுதியின் ஜன்னல்களில் உப்பு படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. காற்று கதவுகளை உலுக்கிக்கொண்டே இருந்தது. ஹேரினின் அறையில், மேசைவரை சோப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடங்கள். குளியலறை ரப்பர் செருப்பின் தடங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட வந்த மூன்று நாட்டு விஞ்ஞானிகளும் கூடத்தில் காத்திருந்தார்கள். மூவருக்குமே கொரிய மொழி வரும். பியோ இன்சோங் என்ற கொரிய விஞ்ஞானி முதலில் பேசினார். "குளியலறைச் செருப்போட அறைக்குள்ள நடக்கிற பழக்கம் நம்ம ஆளுங்களுக்குக் கிடையாது. ஜப்பான்காரருக்கும் கிடையாது. நான் யாரையும் குறை சொல்லல."

"சொல்லாமலே சொல்லிட்டீங்க," என்றார் ரஷ்ய விஞ்ஞானி ஜோயா. நல்ல உயரம், முகம் சிவந்திருந்தது. "எங்க வீட்லயும் செருப்பக் கழட்டிட்டுதான் உள்ள போவோம்."

மா தேசிக் அந்தச் செருப்பைக் கொண்டுவரச் சொன்னார். ஜோயா காலை நுழைத்தார். விரல்களுக்கு மேல் போகவில்லை.

"அட, மறந்தே போனேன்!" தல்ரே நெற்றியில் அடித்துக்கொண்டார். "முதல் நாளே கால் நுழையலன்னு என் வீட்டுக்காரரோட பெரிய ஜோடியக் குடுத்தேன். இவங்க அதத்தான் போடுறாங்க."

"அப்ப அந்தத் தடம் நம்ம கண்ணுக்காகவே வச்சது," என்றார் மா தேசிக். "பழி யார்மேல விழும்னு தெரிஞ்ச ஆள் வச்சது. ஹேரின், இந்த ஒப்பந்தம் இல்லேன்னா என்ன நின்னுபோகும்?"

"இன்னிக்கு மதியம் மூணு உறையத் திறக்கிறதா இருந்தோம். போன குளிர்காலப் பதிவுகள். என் கைப்பையிலயே இருக்கு. ஒப்பந்தம் இல்லாம திறக்கக் கூடாது."

"அவங்கவங்க உறைய அவங்கவங்களே திறந்தா?"

ஹேரின் உறைகளை எடுத்து நீட்டியதும் ஜோயா தன்னுடையதைக் கிழித்தார். ஜப்பானிய விஞ்ஞானி இஷிமோரி, வந்த கப்பலின் மயக்கம் மூன்று நாளாகியும் தெளியாத முகத்தோடு, நிதானமாகப் பிரித்தார். இரண்டிலும் ஒரே செய்தி: கடல் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி சூடு.

"விதிப்படி இது தப்பு," என்றார் பியோ. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்தார். அவருடைய பதிவில் வழக்கமான குளிர்.

மா தேசிக் தல்ரேயிடம் திரும்பினார். "போன குளிர்காலம் கணவாய் மீன் வரத்து எப்படி?"

"கணவாயா? வயித்தெரிச்சலக் கிளப்பாதீங்க அண்ணே! தண்ணி சூடாகிப் போச்சுன்னு ஒண்ணுகூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. காயப்போடுற கம்பியெல்லாம் மொட்டையா கெடந்துச்சு."

"டாக்டர் பியோ, கடல் சூட்ட அளக்கிற உங்க மிதவை கெடந்தது இந்தத் தீவுக்குப் பக்கத்துலதான். கணவாய்க்குத் தெரிஞ்ச சூடு அதுக்குத் தெரியலயா?"

பியோ மேல்கோட்டின் உட்துணியைப் பிரித்து, நான்காக மடித்த ஒப்பந்தத் தாளை எடுத்து வைத்தார்.

"நவம்பர் புயல்ல மிதவை அறுந்து போச்சு. சொன்னா திட்டத்தையே மூடிடுவாங்கன்னு பயம். முந்தின வருஷத்து எண்ணுங்களையே மாத்தி மாத்திப் போட்டேன். மூணு நாள் கப்பல் வராததுக்கே நீங்க எல்லாரும் தவிக்கிறீங்க. நான் நவம்பர்லருந்து இப்படித்தான் இருக்கேன்." ஜோயாவைப் பார்க்க அவரால் முடியவில்லை. "தாளக் கிழிச்சுப் போடத்தான் நெனச்சேன். கை வரல."

ஹேரின் அந்தத் தாளைத் தடவி நிமிர்த்தினார். பியோ செய்ததை மறைத்தால் ஒப்பந்தம் பிழைக்கும். வெளியே யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் பேனாவைப் பியோவின் பக்கம் தள்ளினார்.

"உங்க பதிவுல இருக்கிற எண்ணுங்கள அடிச்சு விடுங்க. மிதவை தொலைஞ்சது, பதிவு இல்லைன்னு எழுதுங்க. பொய் எண்ணுங்கள வச்சுக்கிட்டு மூணு நாட்ட ஒண்ணா உக்கார வைக்க என்னால ஆகாது."

"மார்ச்ல எங்க மிதவையும் மீன்வலையில சிக்கி மூணு வாரம் பேசல," என்றார் இஷிமோரி மெல்ல. "பதிவுல அந்த எடத்த வெத்தா விட்டோம். வெட்கமா இருந்துச்சு. ஆனா யாரும் சாகல."

பியோ எழுதினார். ஜோயா அதை வாங்கி இருமுறை படித்தார்.

"ஒப்பந்தம் நிக்கட்டும்," என்றார். "ஆனா என்னைத் திருடியாக்கப் பாத்தீங்களே, அதையும் சேத்து உங்க நிறுவன இயக்குநர்கிட்ட சொல்லணும். இப்பவே. என் காதுபட."

தல்ரே தொலைபேசியை இழுத்துப் பியோவின் முன் வைத்தார். பியோ எண்களை அழுத்தினார். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"ஐயா, தீவுலருந்து பியோ பேசுறேன். இல்ல, கப்பல் விஷயம் இல்ல." பியோ தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலருகே நின்றிருந்த ஜோயா வந்து, அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பியோ தலை நிமிர்ந்தார்.

"ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன், ஐயா," என்று ஆரம்பித்தார்.