ஏழு விரல்

எங்கள் ஜெபவீட்டில் வெந்நீர் போடுவது என் வேலை. கரகண்டா நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, புல்வெளி நடுவே சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பம் பிட்பதற்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். எதிரே யார் உட்காருகிறாரோ அவர் கால்தான். ஒருவர் மறுத்தாலும் அன்று யாருக்கும் அப்பம் கிடையாது.

அந்த பிப்ரவரி மதியம் வெளியே பனிப்புயல். அடுப்பில் நிலக்கரியைத் தள்ளி, கெட்டிலை ஏற்றி, பக்கத்தில் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரும் வைத்தேன். எல்லோரும் பூட்ஸை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு எதிர் நாற்காலியில் ஒரு புதுக் கிழவர். முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

யாக்கோப் லெப்.

முப்பது வருஷத்துக்கு முன், வேதம் வாசிப்பதே குற்றமாக இருந்த காலத்தில், எங்கள் சமையலறையில் அப்பா வேதம் வாசித்ததைப் போலீசுக்கு எழுதிக் கொடுத்தவன். அப்பாவை வடக்கே மரம் வெட்டும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முதல் குளிர்காலத்தில் இடது காலில் மூன்று விரல்கள் கருகி விழுந்தன. அடுத்த குளிர்காலத்தில் அப்பாவே போய்விட்டார்.

மூப்பரிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டேன். "எனக்கு வேற ஆளைப் போடுங்க. இவன் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும் ஹைன்ரிக். நேத்து வந்து அழுதாரு. டாக்டர் நாள் குறிச்சிட்டாராம்."

"அழுதா சரியாப் போச்சா?"

மூப்பர் என் நாற்காலியைக் கைகாட்டினார். நல்ல நியாயம்தான். அவன் அழுது தீர்த்துக்கொள்வான், நான் எங்கே போய் அழுவது?

லெப் காலுறையைக் கழற்றி, வெறும் பேசினில் பாதங்களை வைத்துக் காத்திருந்தான். மற்றவர்கள் இன்னும் காலுறையோடுதான் இருந்தார்கள். கெட்டில் கொதித்தது. எடுத்தேன். வாளியைத் தொடவில்லை. யோசித்துத்தான் செய்தேன். கை தவறிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

திரும்பினேன்.

தரையில் ஈரத் தடம்.

வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெறுங்கால். மேலே ஆள் இல்லை. ஒரு தடம் விழுந்தது, பிறகு இன்னொன்று. மரமே இல்லாத எங்கள் ஊரில் பச்சை பைன் மரம் வெட்டிய வாசம் அடித்தது.

வலது பாதம் முழுசு.

இடது பாதத்தில் இரண்டே விரல்.

அப்பாவும் இதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன். தடங்கள் என் பக்கத்தில் வந்து நின்றன. கெட்டிலைச் சாய்த்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

எலும்பு வரை குளிர் இறங்கியது. உதறினேன், விடவில்லை.

லெப் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ வாளியைத் தொடலேன்னு பாத்துட்டுதான்ப்பா இருந்தேன்," என்று கிசுகிசுத்தான். "ஊத்து. நான் கத்த மாட்டேன்."

அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கெட்டிலைக் கீழே வைத்தேன். பிடி தளர்ந்தது. வாளித் தண்ணீரைக் கலந்து அவன் பாதங்களைக் கழுவினேன், துவாலையால் துடைத்தேன், வழக்கப்படி கட்டிப்பிடித்தேன். "மன்னிச்சிட்டேன்" என்றேன். அவன் குழந்தைபோல் அழுதான். எல்லோருக்கும் அப்பம் கிடைத்தது.

மூன்றாம் வாரம் அவன் செத்துப்போனான். நிம்மதியாகப் போனான் என்றார்கள். என் மணிக்கட்டில் ஐந்து கறுத்த தழும்புகள் இருக்கின்றன. பனி கடித்த புண் என்றாள் நர்ஸ். அடுப்பை விட்டு நகராதவனுக்கு எப்படி வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

மன்னித்தது என் வாயும் கையும்தான். அது எனக்குத் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும்.

ஒவ்வொரு முதல் ஞாயிறும் நான் கெட்டிலை ஏற்றியதும் பைன் வாசம் வருகிறது. வாசலிலிருந்து ஈரத் தடங்கள் வந்து என் நாற்காலிக்கு முன்னால் நிற்கின்றன. ஏழு விரல்களும் என் பக்கம் திரும்பியிருக்கின்றன.